மேடம் உஷ்ஷின் சிவப்பு வயர்

பசாத்தீனிலிருந்து கீஸாவுக்குப் போகும் வேன்களில் உஸ்தா கர்மூத்தின் வேன் மட்டும் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். உஸ்தா என்பது டிரைவருக்குக் கொடுக்கும் மரியாதை; கர்மூத் என்றால் நைலில் பிடிபடும் கெளுத்தி மீன். வீட்டில் வைத்த பெயர் ஸலாமா என்பது அவனுடைய லைசென்ஸுக்கு மட்டுமே தெரிந்த சங்கதி. வாயின் இரண்டு ஓரத்திலும் தொங்கும் மீசையைப் பார்த்து ஸ்டாண்டில் வைத்த பெயர்தான் ஒட்டிக்கொண்டது. பாட்டு என்று அவன் நம்பிய ஒன்றை, கல்யாணப் பந்தலில் வைக்கவேண்டிய ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு அவன் வரும்போது தெருவோரப் பூனைகள் கூட எழுந்து இடம் மாறும்.

அந்த வேனில்தான் இன்ஷிராஹ் தினமும் வேலைக்குப் போய்வந்தாள். கீஸாவில் ஒரு பல் டாக்டரின் வரவேற்பு மேசை அவளுடையது. பகல் முழுக்கப் பல்லைக் குடையும் மெஷின் ஒரு பக்கம், குடையப்படுகிறவர்களின் ஓலம் மறுபக்கம். வீட்டுக்கு வந்தால் புருஷனின் குறட்டை. மாடி வீட்டுக்காரன் எப்போது பார்த்தாலும் சுவரில் ஆணி அடிப்பான். அந்தச் சுவரில் இன்னும் இடம் மிச்சமிருப்பது கட்டடக் கலையின் அதிசயம். இந்த இரண்டுக்கும் நடுவே ஆண்டவன் அவளுக்கென்று அளந்து கொடுத்தது காலை வேன் பயணம். ஜன்னலில் தலையைச் சாய்த்து அவள் தூங்கும் அந்தத் தூக்கத்தில்தான் மறுநாள் வரைக்கும் அவளுடைய உயிர் ஓடவேண்டும்.

ஆகவே ஒருநாள் அவள் கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். உஸ்தா, கொஞ்சம் சத்தத்தைக் குறைத்தால் உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்றாள்.

கர்மூத் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். பாட்டை நிறுத்தவில்லை, பாட்டுக்கு மேலே கத்தினான். "மேடம், இது வேனு, பெட்ரூம் இல்ல. தூங்கணும்னா வீட்ல தூங்குங்க. வீட்ல தூங்க விடமாட்டேங்கறாருன்னா நம்பர் குடுங்க, உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் பேசறேன்."

வேன் சிரித்தது. அதோடு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. பின் வரிசையில் அப்லா நபவிய்யா உட்கார்ந்திருந்தாள். பூகோள டீச்சர், அதனால்தான் அப்லா. பிள்ளைகளை வாய்மேல் விரல் வைத்து உட்காரச் சொல்லியே தலை நரைத்தவள். அவள் சொன்னாள்: "விடுங்க உஸ்தா, அவங்க மேடம் உஷ். அவங்க பேச்சுக்குக் கட்டுப்பட்டா நாளைக்கு ஹாரனையும் கழட்டச் சொல்லுவாங்க."

இப்போது வேன் குலுங்கிச் சிரித்தது. கர்மூத் வால்யூமை இன்னும் ஒரு திருகு திருகினான். அந்த வாரத்துக்குள் பெயர் லைன் முழுக்கப் பரவிவிட்டது. ஸ்டாண்டில் ஃபூல் சாண்ட்விச் விற்பவன் அவரைமசியலை ரொட்டிக்குள் வைத்துக்கொண்டே, மேடம் உஷ்ஷுக்கு எலுமிச்சை கூடவா குறைச்சலா என்று கேட்டான்.

வேறு வேனில் போயிருக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அவர்கள் நல்ல மனிதர்கள். பழிவாங்குவதைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள். வேறு வேனில் ஏறினால் அது தோல்வி. அதே வேன், அதே பயணிகள், அவர்கள் முன்னால் கர்மூத் தன் கையாலேயே அந்தப் பாட்டை நிறுத்தவேண்டும். நிறுத்திவிட்டு, தயவுசெய்து என்று அவளிடம் கேட்கவேண்டும். அதற்குக் குறைந்த எதையும் ஏற்பதில்லை என்று இன்ஷிராஹ் முடிவு செய்தாள். அன்று இரவு புருஷனின் குறட்டை கூட அவளுக்குப் போர் முரசு மாதிரிக் கேட்டது.

போருக்கு ஆயுதம் வேண்டும். முதலில் மகனுடைய இயர்போனை எடுத்துப் போனாள். மொழுக்கென்ற பிளாஸ்டிக், காது வாசலில் வெறுமனே தொங்கிக்கொண்டிருப்பது. கர்மூத்தின் பாட்டு அதன் பக்கவாட்டில் புகுந்து உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. அதை அமுக்கத் தன் ஃபோனின் சத்தத்தைக் கூட்டினால் ஒரு இரைச்சலுக்கு இரண்டு இரைச்சல். மாலையில் தலைவலி மாத்திரை வாங்கப் போனபோது மருந்துக்கடைக்காரர், காதில் வைக்கும் பஞ்சு அடைப்பான் இருக்கிறது, அடிமாட்டு விலை, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல யோசனைதான். ஆனால் அது முக்காட்டுக்குள் வெளியே தெரியாமல் கிடக்கும். ரகசியமாகக் காதைப் பொத்திக்கொள்வது அழுகைக்குச் சமம். எதிரிக்குத் தெரியவேண்டும். கண்ணாடியில் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அவன் அதைப் பார்க்கவேண்டும். வயர் வேண்டும் என்று முடிவானது அப்போதுதான்.

மறுநாள் அவள் வேனில் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு கர்மூத்தின் மொத்தக் கச்சேரியையும் பதிவு செய்தாள்: பாட்டு, ஹாரன், எஞ்சின் உறுமல், நடுவே அப்லாவின் சிரிப்பு. எதிரியின் பலத்தை அளக்காமல் போருக்குப் போகிறவள் இல்லை அவள். வியாழக்கிழமை டாக்டரிடம் சீக்கிரம் கிளம்ப அனுமதி வாங்கிக்கொண்டு நேராக அப்துல் அஸீஸ் தெருவுக்குப் போனாள்.

அந்தத் தெருவில் ஃபோன் சம்பந்தப்பட்ட எதையும் விற்காத ஒரே ஜீவன் டீக்கடைக்காரன்தான். அவள் ஏறியது மகாரியின் கடை. குறுகலான கடை, மகாரி அதைவிட அகலமான மனிதர். அவர் பளபளக்கும் டப்பா ஒன்றை எடுத்துத் துணியால் துடைத்து அவள் முன்னால் வைத்தார்.

"இதுதாங்க மேடம். வயரே இல்ல. பட்டனை அமுக்கினா உலகமே செத்துப்போகும்."

"எல்லாச் சத்தமுமா?"

"என் அம்மா மேல சத்தியமா."

இன்ஷிராஹ் அதைக் காதில் மாட்டிக்கொண்டு, தன் ஃபோனைக் கடையின் பெரிய ஸ்பீக்கரில் சேர்க்கச் சொன்னாள். மகாரி சேர்த்தார். கர்மூத்தின் வேன் கடைக்குள் நுழைந்தது. கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. எதிர்க்கடைக்காரர் சண்டை என்று நினைத்து ஓடிவந்தார். மகாரி தன் காதைப் பொத்திக்கொண்டு, இது என்ன மேடம், லெபனான் போரா என்று கேட்டார்.

பட்டனை அமுக்கினாள். எஞ்சின் உறுமல் அடங்கிப்போனது என்னவோ உண்மை. ஆனால் பாட்டுக்காரனின் கிறீச்சிடல் இப்போது இன்னும் தெளிவாகக் கேட்டது. உறுமலின் தொந்தரவு இல்லாமல் அவனை ரசிக்க வைத்தது. அப்லாவின் சிரிப்பு பளிங்கு மாதிரி வந்தது. இன்ஷிராஹ் அதைக் கழற்றி டப்பாவில் வைத்தாள்.

"உங்க அம்மா நல்லா இருக்கணும்," என்றாள். "வேற காட்டுங்க."

அதன்பின் நடந்தது சாயங்காலத் தொழுகை வரைக்கும் நீடித்த சோதனை. அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கியது. ஒவ்வொன்றோடும் கர்மூத்தின் வேன் கடைக்குள் வந்து போனது. தலைமேல் மாட்டும் பெரிய வகை முக்காட்டின் மேல் வழுக்கியது. முக்காட்டுக்குள் போட்டால் தலையில் பூசணி முளைத்தது. மகாரிக்கு வயிற்றெரிச்சல், ஆனாலும் அவருக்குள் ஒரு வைராக்கியம் எழும்பியிருந்தது. அந்தப் பாட்டை அவருமே கொல்ல விரும்பினார். கடைசியில் அவர் விலை உயர்ந்ததை எல்லாம் விட்டுவிட்டு, கண்ணாடிக்குக் கீழே தூசு படிந்து கிடந்த வயர் வகை ஒன்றை எடுத்தார். காதுக்குள்ளே நுழைகிற ரகம். முனையில் ரப்பர் குல்லா.

வலது காதில் பாதி உலகம் போயிற்று; இடது காதில் போகவில்லை. மகாரி இடதுக்குப் பெரிய குல்லா மாட்டிப் பார்த்தார். ஆண்டவன் அவளுக்கு இரண்டு காதையும் இரண்டு அளவில் படைத்திருக்கிறான் என்பது நாற்பத்தாறு வயதில் அவளுக்குத் தெரியவந்தது. அதற்கும் கர்மூத்தின் கணக்கில் ஒரு குறி போட்டாள். பிறகு ரப்பருக்குப் பதில் பஞ்சுக் குல்லா. விரலால் நசுக்கிச் சின்னதாக்கி உள்ளே தள்ளிவிட்டுக் காத்திருக்கவேண்டும். அது தானாக விரிந்து காதை அடைக்கும். வயரைக் காதுக்கு மேலே சுற்றிவிட்டார், இல்லாவிட்டால் துணியில் உரசுகிற சத்தம் உள்ளே கேட்கும் என்று. மேலே முக்காடு அழுத்திக்கொண்டதும் அது இன்னும் இறுகியது.

வேன் வந்தது. இன்ஷிராஹ் மகாரியின் வாயைப் பார்த்தாள். வாய் அசைந்தது, மனிதர் எங்கோ கிணற்றடியில் இருந்தார். பாட்டு பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. அப்லாவின் சிரிப்பு இறந்துவிட்டது. தான் "ம்" என்று சொன்னது மட்டும் தலைக்குள் மணி அடித்தது மாதிரிக் கேட்டது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாகத் தன்னுடன் தனியாக இருப்பது போல அவளுக்கு இருந்தது.

கறுப்பு, வெள்ளை, சிவப்பு என்று வயர் இருந்தது. அவள் சிவப்பை எடுத்தாள். ஒரு கிலோ மாட்டிறைச்சியின் விலை. அந்த வெள்ளிக்கிழமை வீட்டில் மொலோகியா கீரை மட்டும் வெந்தது; கொழுப்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னதாகப் புருஷனிடம் சொன்னாள். எந்த டாக்டர் என்று அவர் கேட்கவில்லை. பல் டாக்டர் என்று அவளும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை அவள் வேனில் ஏறியபோது முக்காட்டின் கீழிருந்து, நெஞ்சுக்கு நேராக, கைப்பைக்குள் போய் முடிந்தது அந்தச் சிவப்பு வயர். பைக்குள் அது எதிலும் செருகப்படவில்லை. மறுமுனை ஒரு கைக்குட்டையோடு சும்மா படுத்திருந்தது.

கர்மூத் கண்ணாடியில் பார்த்தான். ஏதோ சொன்னான். மீசை ஏறி இறங்கியது. சுற்றியிருந்தவர்களின் தோள்கள் குலுங்கின. இன்ஷிராஹ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். நைல் பாலம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

ஒருவனைத் திட்டினால் அவன் தாங்குவான். அடித்தாலும் தாங்குவான். அவன் கிண்டலடிக்கும்போது எதிரில் இருப்பவர் தூங்குவதை எந்த ஆண்பிள்ளையாலும் தாங்க முடிவதில்லை. ஒரு வாரம் கர்மூத் தினம் ஒரு கிண்டலாகச் செலவழித்தான். எல்லாம் வீண். பயணிகள் சிரித்தார்கள்தான்; ஆனால் யாருக்காகச் சொன்னானோ அவள் காதில் விழாத கிண்டல், அனுப்பியவனுக்கே திரும்பி வருகிற கடிதம் மாதிரி. அடுத்த வாரம் அவன் இன்னொரு ஸ்பீக்கர் வாங்கினான். கதவுக்கு மேலே, மடக்கு இருக்கையின் தலைக்கு நேராக, அதைத் திருகாணி போட்டு முறுக்கினான். பிறகு அந்த இருக்கையில் தன் துண்டைப் போட்டு வைத்து, அவள் வந்ததும் எடுத்தான். மேடம் உஷ்ஷுக்கு இனிமேல் இதுதான் இடம் என்று எல்லாருக்கும் கேட்க அறிவித்தான். அப்லா நபவிய்யா கைதட்டினாள்.

இங்கேதான் உஸ்தா கர்மூத் தன் வாழ்க்கையின் பெரிய தப்பைச் செய்தான். கோபத்தில் அவன் மறந்தது அவனுடைய தொழிலின் அரிச்சுவடி.

கதவோரத்து மடக்கு இருக்கை சும்மா இருக்கை இல்லை. அதில் உட்காருகிறவர்தான் கதவைத் திறந்து மூடவேண்டும். யாராவது இறங்கவேண்டும் என்று குரல் கொடுத்தால், அவர்தான் வேனின் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டவேண்டும். எங்கும் எழுதி வைக்கவில்லை. இதுவரை மீறியவர்களும் இல்லை. மற்றவர்கள் தட்டக் கூடாது. பின்னாலிருந்து ஒருவர் ஒருதடவை அவசரத்தில் தட்டியதற்குக் கர்மூத் நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, என் வண்டி என்ன உன் வீட்டுத் தாம்பாளமா என்று கேட்டு, அவர் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் கிளப்பினான். மற்ற வேன்களில் ஓட்டுநர்கள் குரலைக் கேட்டும் நிறுத்துவார்கள். கர்மூத்துக்குக் குரல் கேட்காது. அவன் முதுகெலும்புக்கு அந்தத் தட்டல் மட்டும்தான் எட்டும்.

இன்ஷிராஹ் உட்கார்ந்தாள். வயரைச் சரிசெய்துகொண்டாள். கைகளை மடியில் கோத்து வைத்துக்கொண்டாள்.

ரிங் ரோடுக்கு ஏறும் ஏற்றத்துக்கு முன்னால் ஒரு ரொட்டி அடுப்புக் கடை இருக்கிறது. அதுதான் கடைசி நிறுத்தம். அதைத் தாண்டினால் வண்டி மேலே ஏறிவிடும். அப்புறம் நைலைக் கடந்து முனீபில்தான் கால் தரையில் படும். அன்றைக்குக் காய்கறி வாங்க அங்கே இறங்கவேண்டிய இரண்டு பெண்கள் நதியைக் கடந்தார்கள். மறுநாள் ஒரு தையல்காரர் கடந்தார். அவர்கள் கத்தினார்கள், கர்மூத்தின் காதில் விழவில்லை. இன்ஷிராஹ்வின் தோளைத் தொட்டார்கள். அவள் திரும்பினாள், சிரித்தாள், முக்காட்டைத் தளர்த்தினாள், பஞ்சைப் பிடித்து மெதுவாக உருவினாள், என்னம்மா கண்ணு என்று கேட்டாள். அதற்குள் பாலம் வந்துவிட்டது. அவள் உச்சுக்கொட்டினாள். உஸ்தா எனக்காகப் பார்த்துக் கொடுத்த இடம், நான் என்ன செய்யட்டும் என்றாள். அவர்கள் பற்களைக் கடித்துக்கொண்டு கர்மூத்தின் பிடரியைப் பார்த்தார்கள். அவள் அதைக் கவனித்தாள். மற்ற வேலையை அவள் குறைவில்லாமல் செய்தாள். வண்டி நின்றபோதெல்லாம் கதவை முதலாளி வீட்டு வேலைக்காரியைப் போலத் திறந்து மூடினாள்.

எல்லாம் கனிந்து வந்த காலையில், வண்டியில் முஅல்லிம் ஹனஃபி ஏறினார்.

ஹனஃபிதான் ஸ்டாண்டை நடத்துகிறவர். எந்த வேன் முதலில் ஆள் ஏற்றவேண்டும், எது வெயிலில் கிடக்கவேண்டும் என்பது அவர் விரல் நுனி. அன்று அவர் மடியில் பெரிய தாம்பாளம்; தக்காளியும் உருளைக்கிழங்கும் அடுக்கி அதன்மேல் வரிசையாகப் படுத்த பச்சை மீன். ரொட்டி அடுப்பில் சுட்டெடுத்து மதியம் தங்கை வீட்டுப் பெண்ணின் நிச்சயத்துக்குக் கொண்டுபோகவேண்டும். நடு வரிசையில் உட்கார்ந்து தாம்பாளத்தைப் பச்சைக்குழந்தை மாதிரிப் பிடித்திருந்தார். பாட்டு இடித்துக்கொண்டிருந்தது.

அடுப்புக்கடை தெரிந்தது. ஹனஃபி வாயைத் திறந்தார். இன்ஷிராஹ்வுக்கு ஒன்றும் கேட்கவில்லை, வாஸ்தவம். ஆனால் அவளுக்குக் கண் இருந்தது. அந்த வாய் திறந்ததையும் பார்த்தாள், இன்னும் பெரிதாகத் திறந்ததையும் பார்த்தாள், தாம்பாளம் காரணமாக அவரால் கையை நீட்டி அவளைத் தொட முடியாததையும் பார்த்தாள். அவளுடைய வலது கை மடியிலிருந்து எழுந்தது. தகரத்தை நோக்கிப் போனது. பாதி வழியில் மனம் மாறி, முக்காட்டில் விலகியிருந்த ஒரு குண்டூசியைச் சரியாகக் குத்திவிட்டுத் திரும்பி வந்து மடியில் உட்கார்ந்தது.

வண்டி ஏற்றத்தில் ஏறியது.

பாலத்தின் மேல் நெரிசல். வண்டிகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. வெயில் தகரத்தைச் சுட, மீன் தன் இருப்பைத் தெரிவிக்க ஆரம்பித்தது. ஹனஃபி எழுந்து, குனிந்து, இரண்டு வரிசையைத் தாண்டித் தாம்பாளத்தோடு கர்மூத்தின் தோளுக்குப் பின்னால் வந்து சேர்ந்தார். ஒரு மீனின் வால் கர்மூத்தின் காதைத் தொட்டது. அவன் திடுக்கிட்டுக் கண்ணாடியில் பார்த்தான். யாருடைய முகம் என்று பார்த்தான். கை தானாகப் போய்ப் பாட்டை நிறுத்தியது.

தன் கையாலேயே. இன்ஷிராஹ் அதைப் பார்த்தாள். விரல்கள் குமிழைத் திருகியதை, அதிலிருந்த வெள்ளி மோதிரத்தோடு சேர்த்துப் பார்த்தாள்.

அதன்பின் வேனில் நடந்த பேச்சைப் பக்கத்திலிருந்தவர்கள் வருஷக் கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஹனஃபி குரலை உயர்த்தவில்லை. "கர்மூத்," என்றார், "இந்த மீன் நேத்து வரைக்கும் நைல்லதான் இருந்துச்சு. பிரிஞ்சிருக்க முடியாதுன்னு திரும்பக் கூட்டிட்டு வந்தியா?"

கர்மூத் குழறினான். கதவுக்காரம்மா தட்டவில்லை என்றான். கதவுக்காரம்மாவை அங்கே உட்கார வைத்தது யார் என்று ஹனஃபி கேட்டார். நதியைக் கடந்த தையல்காரர் பின்னாலிருந்து பதில் சொன்னார். காய்கறிப் பெண்களில் ஒருத்தி ஸ்பீக்கரைப் பற்றியும் துண்டைப் பற்றியும் விவரமாகச் சொன்னாள். இன்று கழற்றாவிட்டால் நாளையிலிருந்து உன் வேன் கடைசியில்தான் ஏற்றும் என்றார் ஹனஃபி. பிறகு, அந்த அம்மாவிடம் மரியாதையாகக் கேள், முனீபிலாவது தட்டட்டும் என்றார்.

கர்மூத் முழுதாகத் திரும்பினான். மீசை அசைந்தது. இன்ஷிராஹ் அந்த வார்த்தைக்காகத்தான் ஒரு கிலோ இறைச்சியைத் தியாகம் செய்தவள். வார்த்தை வந்தது. பஞ்சு நல்ல பஞ்சு. ஒரு எழுத்து கூட அவள் காதில் விழவில்லை.

அவள் நிதானமாக முக்காட்டைத் தளர்த்தினாள். வலது காதை உருவினாள். வேனுக்குள் அப்படியொரு அமைதி.

"ஏதாவது சொன்னீங்களா உஸ்தா?"

"தயவுபண்ணி..." கர்மூத்தின் கண் ஹனஃபியின் தாம்பாளத்துக்குப் போய்வந்தது. "தயவுபண்ணி முனீப்ல தட்டுங்க மேடம். பாட்ட நிறுத்திட்டேன்."

அவள் இடது காதையும் உருவினாள். வயரைச் சுருட்டினாள். பின் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.

"பின்னாடி கேட்டுச்சா அப்லா? கேக்கலைன்னா இன்னொரு தடவை சொல்லச் சொல்றேன். உஸ்தாவுக்கு இன்னைக்குத் தொண்டை சரியில்ல போல."

அப்லா நபவிய்யா ஜன்னல் வழியாக நைலைப் பார்த்தாள்; பூகோளம் சம்பந்தமாக ஏதோ அவசர சந்தேகம். கர்மூத் இன்னொரு தடவை சொன்னான். இந்தத் தடவை பின் வரிசைக்கும் கேட்டது.

ஸ்பீக்கர் அன்று மாலையே இறங்கியது; பாட்டும் அதன்பின் வாயைத் திறக்கவில்லை. திருகாணி போட்ட இடத்தில் இன்னும் நான்கு ஓட்டைகள் இருக்கின்றன. இன்ஷிராஹ் ஏறும்போது ஒருதடவை அதைப் பார்த்துக்கொள்வாள், மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளின் போட்டோவைப் பார்ப்பது போல. கதவோரத்து இருக்கையை இப்போது அவளாகவே கேட்டு வாங்கிக்கொள்கிறாள். அடுப்புக்கடைக்கு முன்னால் கண்ணைத் திறந்து பின்னால் பார்த்து, கை உயர்ந்திருந்தால் தட்டுவாள். ஏற்றத்துக்கு மேலே தூங்கிப்போவாள்.

பாட்டு நின்ற இடத்தில் பயணிகள் நுழைந்துகொண்டார்கள். ஒருவன் கடன்காரனிடம் ஃபோனில் சத்தியம் செய்தான். ஒருத்தி நாத்தனாரைப் பாகம் பாகமாகப் பிரித்துத் தோழிக்கு விவரித்தாள். அப்லா நபவிய்யாவின் பக்கத்தில் உட்கார்ந்தவன் நாள் தவறாமல் பந்தாட்ட வீடியோ பார்த்தான். பரீட்சைக் காலம்; அப்லாவுக்குக் கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. ஒரு காலை அவள் இடம் மாறி இன்ஷிராஹ்வின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தோளை மெல்லத் தொட்டாள். இன்ஷிராஹ் ஒரு காதை உருவினாள்.

"உன் இயர்போன் நல்லா அடைக்குதே, எங்க வாங்கின கண்ணு? தலையே வெடிக்குது எனக்கு."

இன்ஷிராஹ் அவளுடைய கையைத் தன் இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். அத்தனை கனிவை அந்த வேன் அதற்கு முன் பார்த்ததில்லை.

"உங்களுக்குச் சொல்லாமலா அப்லா? மெட்ரோ படிக்கட்டுல வச்சு விக்கறான் பாருங்க, மொழுக்குன்னு பிளாஸ்டிக், அதுதான். இந்த ரப்பரு, பஞ்செல்லாம் மாட்டித் தருவான், வாங்காதீங்க, காதுக்குக் கெடுதல். ஒரே அளவுதான் வரும், அதுவே எல்லாருக்கும் பொருந்தும். சத்தம் உள்ள வந்தா ஃபோன்ல இன்னும் கொஞ்சம் கூட்டி வச்சுக்கங்க. பழகப் பழகத்தான் தெரியும்."

அப்லா நன்றி சொல்லத் தொடங்கினாள். ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும், உன் பிள்ளைகளுக்கு நல்ல வேலையைக் கொடுக்கட்டும் என்று வாழ்த்திக்கொண்டே போனாள். இன்ஷிராஹ் சிரித்துத் தலையாட்டியபடி பஞ்சுக் குல்லாவை இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கினாள். காதுக்குள் தள்ளி, சுண்டுவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அது மெல்ல, மெல்ல விரிந்தது. அப்லாவின் மூன்றாவது வாழ்த்து பாதியில் நின்றுபோனது; வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.